கயிறு காத்திருக்கிறது

செலினுக்குச் சந்தேகப்படுவது புதிதல்ல, சம்பளமே அதற்குத்தான். யாங்கோன் பான்சோடான் தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கும் மொழிபெயர்ப்புக் கடையில் இருபத்திரண்டு வருடங்களாக உட்கார்ந்து, வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்று எல்லாவற்றையும் பர்மிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுக்கிறாள். முத்திரை கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தாலும் பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். "இவரு ரிட்டயராகி ரெண்டு வருஷமாச்சே, போன மாசம் எப்படிக் கையெழுத்துப் போட்டாரு?" என்று கேட்டு எத்தனையோ பேரை வேர்க்க வைத்திருக்கிறாள். ஊரார் பத்திரத்தையெல்லாம் இப்படிச் சலித்தெடுக்கிறவள் சொந்த வீட்டில் கோட்டை விட்டாள் என்றால், அதை எங்கே போய்ச் சொல்வது!

ஜனவரி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. அவர்கள் குடியிருக்கும் அலோனில் மின்சாரம் வந்தால் நாலு மணி நேரம். அதற்குள் சோறு, இஸ்திரி, போன் சார்ஜ் எல்லாம் ஒரே மூச்சில் முடிய வேண்டும். புருஷன் ஜெரால்ட் குளித்துக்கொண்டிருந்தான். சார்ஜில் கிடந்த அவனுடைய போன் டிங்கென்றது. செலின் தன்னுடைய போன் என்று நினைத்துத்தான் எடுத்தாள். அப்படித்தான் அவள் பிற்பாடு சொன்னாள்.

திரையில் பர்மிய எழுத்தில் நாலே வரி. 'அடுத்த மாதம் முதல் வாரம் வந்துவிடுங்கள். சாமான் அதிகம் வேண்டாம். இறங்கியதும் நேராகத் தவுங். கயிறு காத்திருக்கிறது.' அனுப்பியவள் பெயர் ஷிரின். அதற்குக் கீழே இன்னும் ஏதோ இருந்தது, ஆனால் போன் பூட்டியிருந்ததால் தெரியவில்லை.

தவுங் என்றால் தெற்கு. யாங்கோனில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். பேருந்துப் பலகையில் தினமும் பார்க்கிற எழுத்துதானே அது: தவுங் ஒக்கலப்பா, தவுங் டகோன். தெற்கே வா என்கிறாள் எவளோ ஒருத்தி. சாமான் வேண்டாமாம். கயிறு வேறு காத்திருக்கிறதாம். யாரைக் கட்டுவதற்கு?

செலின் பயந்துபோனாள். காரணம் இருக்கிறது. அவளுடைய ஒரே தம்பி மரியஜோசப் மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே போல ஒரு செய்தியை நம்பித்தான் தெற்கே போகும் பேருந்தில் ஏறினான். எல்லையில் ஒரு ஹோட்டலில் கணினி வேலை, சாப்பாடு இலவசம் என்றார்கள். போன பிறகு மூன்று தடவை வீடியோவில் பேசினான். முகச்சவரம் செய்து, சட்டை போட்டு, சிரித்துக்கொண்டு, "சாப்பாடு பிரமாதம்க்கா, நீ கவலையே படாதே" என்றான். செலின் நம்பினாள். முத்திரையை உரசிப் பார்க்கிறவள் தம்பியின் சிரிப்பை உரசிப் பார்க்கவில்லை. நாலாவது தடவை போன் வரவேயில்லை. அங்கிருந்து தப்பி வந்த ஒருவன் பிறகு சொன்னான், ஆட்களை அடைத்துவைத்து இணைய மோசடி செய்ய வைக்கும் இடமாம் அது, வீடியோவில் பேசும்போது போனுக்குப் பின்னால் ஒருத்தன் தடியோடு நிற்பானாம், சிரிக்காவிட்டால் அடி விழுமாம். அன்றிலிருந்து செலின் யார் முகத்தையும் நம்புவதில்லை.

வீட்டையும் மாற்றவில்லை. வீட்டுக்காரர் வாடகையை இரண்டு தடவை ஏற்றிவிட்டார். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் இதைவிட மலிவாக, காற்றோட்டமாக ஒரு வீடு வந்தது. ஜெரால்ட் போய்ப் பார்த்துவிட்டுக்கூட வந்தான். "பஸ் தூரம், என்னால ஆகாது" என்று சொல்லிவிட்டாள். கதவின் பழைய பூட்டு துருப்பிடித்துப் போயும் அதையே எண்ணெய் விட்டுப் பூட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி மரியஜோசப்பிடம் இருக்கிறது.

ஆக, செய்தியைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை. போனை வைத்த இடத்தில் வைத்தாள். ஜெரால்ட் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் வாங்கி வந்த மொஹிங்கா மீன்குழம்பைப் பையிலிருந்து கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். "இன்னிக்குத் துறையில வேலை நிறையவா?" என்றாள் தேன் ஒழுக.

"இருக்கு, இருக்கு" என்றான் அவன். வேலை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஜெரால்டுக்கு ஐம்பத்தொரு வயது. அலோன் துறைமுகக் கிடங்கில் பாரம் தூக்கும் கம்பிக் கயிறுகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. அறுந்த இரண்டு முனைகளைப் பிரித்து, இழை இழையாக ஒன்றுக்குள் ஒன்று செருகி, எங்கே சேர்ந்தது என்றே தெரியாமல் பின்னிவிடுவான். பின்னிய இடத்தில் கொஞ்சம் சிவப்புச் சாயம் பூசுவான், கீழே நிற்கிறவன் அந்த இடத்தின்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும் என்பதற்காக. கப்பல் வரத்துக் குறைந்ததிலிருந்து வாரத்தில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறான். அப்படியிருக்க எவளுக்கு இவன் வேண்டும்?

அவன் போனதும் அவள் வேட்டையைத் தொடங்கினாள். முந்தின நாள் அவன் கொண்டுவந்து போட்ட கருவிப் பையில் சுத்தியல், குத்தூசி, மசகு டப்பா, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் முழங்கால் வரை வரும் தடித்த கம்பளிக் காலுறை மூன்று ஜோடி, உள்ளே ரோமம் வைத்த கையுறை ஒரு ஜோடி. க்யிம்யிண்டைங் சந்தையில் பழைய துணிக் குவியலில் பொறுக்கியது, வாசனையே சொல்லியது. இந்த ஊரில் ஜனவரி விடியற்காலையில் ஒரு குல்லாய் போதும். இதைப் போட்டுக்கொண்டு எங்கே போகப் போகிறான்? தெற்கே போனால் இன்னும் புழுக்கமாகத்தானே இருக்கும்?

மறுநாள் கடையில் அடுத்த இடி. இரண்டு கடை தள்ளி இதே தொழில் செய்கிற புஷ்பா, லப்பையே டீ கிளாஸோடு வாசலில் வந்து நின்றாள்.

"செலின் அக்கா, ஜெரால்ட் அண்ணன்கிட்டச் சொல்லிடுங்க. கல்யாணப் பத்திரத்துல ஒரு எழுத்து விட்டுப்போச்சு, திருத்தி வெச்சிருக்கேன். வந்து வாங்கிக்கட்டும்."

"எந்தக் கல்யாணப் பத்திரம்?"

"உங்க ரெண்டு பேரோடதுதான். ஆறு மாசம் முன்னாடி..." புஷ்பா சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன?" என்றாள் செலின், முகத்தை ஒரு சுருக்கமும் இல்லாமல் வைத்துக்கொண்டு. புஷ்பா போனதும் அவளுக்கு வந்த கோபத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த யாரோ ஒரு பெண்ணின் பிறந்த வருடம் எழுபது வருடம் பின்னால் போய்விட்டது. ஊர் முழுக்க என்னிடம் பத்திரம் கொடுக்கிறது. கட்டினவன் அடுத்த கடையில் கொடுக்கிறான், அதுவும் எழுத்துப் பிழையோடு!

அன்று சாயங்காலம் ஜெரால்ட் வருவதற்குள் வீட்டைத் தலைகீழாக்கினாள். பாஸ்போர்ட், வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. உள்ளே ஜப்பான் விசா. ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள், நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தாள், ஒரு குறையும் இல்லை. இருக்காதுதான். திருட்டுப் பயல்கள் இப்போதெல்லாம் நேர்மையானவர்களைவிடச் சுத்தமாக வேலை செய்கிறார்கள். ஜப்பான் என்று சீட்டு ஒட்டிவிட்டுத் தெற்கே கொண்டுபோவதுதான் திட்டம் என்று முடிவு கட்டினாள். சனிக்கிழமை காலையில் பாஸ்போர்ட் அவளோடு பான்சோடானுக்குப் போய், மேசை இழுப்பறைக்குள் பூட்டப்பட்டது.

அன்று மாலை ஜெரால்ட் மாதா படத்தை லேசாகத் தூக்கிப் பார்த்தான். பிறகு இன்னும் கொஞ்சம் தூக்கினான்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல, பல்லி."

"அந்தப் பல்லி ஜப்பான் விசாவோட இருந்துச்சு. ஆபீஸ்ல பூட்டி வெச்சிருக்கேன்."

ஜெரால்ட் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் காது மடலைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "சொல்லணும்னுதான் இருந்தேன், செலின்."

"எப்போ? ஏர்போர்ட்டுலேர்ந்தா?"

பிறகு சொன்னான். ஜப்பானில் பனி விழுகிற பக்கம் ஒரு மலை. ஜனங்கள் காலில் நீளமான பலகையைக் கட்டிக்கொண்டு மேலேயிருந்து கீழே சறுக்கி வருவார்கள். கீழே வந்தவர்களை மறுபடி மேலே இழுத்துக்கொண்டு போக ஒரு கம்பிக் கயிறு சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பத்து மாத வேலை, பிறகு ஊருக்கு வந்துவிட்டுப் போகலாம்.

"கயிறு திரிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணும்!"

"திரிக்கிறது இல்லம்மா, பின்னுறது."

"ஜப்பான்ல ஆளே இல்லையா? அலோன் துறையிலேர்ந்து ஐம்பத்தொரு வயசுக்காரரை வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிடுறானா? எங்க, அந்த மலையைக் காட்டுங்க."

அவன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். வெள்ளையாக ஒரு சரிவு, அதன் அடியில் ஒரு மரக் குடில், பத்துப் பதினைந்து பேர். மலை என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை.

"இதுவா மலை? எவ்வளவு உசரம்?"

"நூத்தி இருபது மீட்டர்."

"தன்லியின்ல புத்தர் கோயில் நிக்கிற குன்றுகூட இதுக்கு அண்ணன் மாதிரி இருக்கு! இதுல சறுக்கவா காசு குடுத்து வர்றாங்க? பொய் சொல்றதுதான் சொல்றானுங்க, கொஞ்சம் பெரிய மலையாச் சொல்லக் கூடாதா?"

சொல்லிவிட்டாளே தவிர, அது அவளுக்கே உறுத்தியது. இத்தனை வருடத்தில் பத்திரத்தில் கூட்டிப் போட்டவர்களைத்தான் அவள் பிடித்திருக்கிறாள். படிப்பைக் கூட்டுவான், சம்பளத்தைக் கூட்டுவான், நிலத்தைக் கூட்டுவான். குறைத்துப் போட்டு ஏமாற்றியவன் ஒருத்தனும் இல்லை. ஒருவேளை இப்படி யோசிப்பாள் என்று தெரிந்தே சின்ன மலையைக் காட்டுகிறார்களோ? எமகாதகர்கள்!

"சரி, உங்களை எப்படித் தெரிஞ்சுது அவங்களுக்கு?"

"ஒரு ஏஜெண்ட் மூலமா..." என்ற ஜெரால்டின் கை மறுபடி காது மடலுக்குப் போனது. அவனுக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான புதிதில் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று சொன்னபோதும் அந்தக் காதைத்தான் தேய்த்தான். இதில் எங்கோ ஒரு பொய் இருக்கிறது என்று செலினுக்கு உறுதியாகிவிட்டது. தவுங் என்ற சொல்லை மட்டும் அவள் வெளியே விடவில்லை. அது துருப்புச் சீட்டு, அந்த ஷிரின்மேல் போடுவதற்கென்று முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

"நாளைக்குப் பூசை முடிஞ்சு வந்ததும் அவளுக்குப் போன் போடுங்க. நான் பேசுவேன், நீங்க வாயைத் திறக்கக் கூடாது. எனக்குச் சந்தேகம் தீர்ந்தாத்தான் பாஸ்போர்ட்."

"தீரலைன்னா?"

"கிழிச்சுக் குப்பையில போடுவேன்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. "ஒருத்தனைத் தொலைச்சது போதாதா எனக்கு? நீங்களும் போய்ச் சிரிச்சுக்கிட்டே போன் பண்ணுவீங்க, நான் இங்க உக்காந்து நம்பணுமா?"

ஜெரால்ட் மாதா படத்தை நேராக மாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மின்சாரம் இருந்தது, இணையத் தடையைத் தாண்டுகிற விபிஎன்னும் மூன்றாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. திரையில் ஷிரின் வந்தாள். முப்பது வயதிருக்கும், தலையில் முக்காடு, அதன்மேல் கம்பளித் தொப்பி, இடுப்பில் சமையல் துணி. யாங்கோன் முகல் தெருவில் பிறந்த தமிழ்ப் பெண்ணாம், நாலு வருடமாக அந்த மலையின் சமையல்கட்டில் வேலையாம்.

"வணக்கம்க்கா! அண்ணன் உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கார்."

சிரிக்கிறாள். சிரிப்பைக் கண்டதும் செலினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிரிக்காதே. உனக்குப் பின்னால யாரு நிக்கிறா?"

"பின்னாலயா? அரிசி மூட்டைக்கா." ஷிரின் போனைத் திருப்பிக் காட்டினாள். மூட்டைதான்.

"அந்தத் துக்கடா மலைக்கு யாரு வர்றா? பக்கத்துல பெரிய மலை இல்லையா?"

"இருக்குக்கா, ரெண்டு மணி நேரம் போனா பெரிய மலை. ஒரு தடவை சறுக்க முக்கால் மணி நேரம் வரிசையில நிக்கணும். சம்பளத்துல பாதி அங்கேயே போயிடும். முன்னால நிக்கிறவனும் தெரியாது, பின்னால நிக்கிறவனும் தெரியாது. இங்க பாருங்க, தபால்காரர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வந்து நாலு சறுக்கு சறுக்கிட்டுப் போவார். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைங்க வந்துடும். நடக்கத் தெரியாததும் வரும், எழுபது வயசும் வரும். கயித்துக்கிட்ட நிக்கிறவர் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லித்தான் ஏத்துவார். விழுந்தா எல்லாரும் சிரிப்பாங்க, எல்லாருமா ஓடிவந்து தூக்கிவிடுவாங்க. அம்மாமாருங்க இந்த ஜன்னல்கிட்ட உக்காந்து டீ குடிப்பாங்க. இங்கேர்ந்து பாத்தா உச்சியிலேர்ந்து அடிவரைக்கும் தெரியும்க்கா. யாரும் கண்ணுக்கு மறையறதே இல்ல."

செலின் அந்த ஜன்னலைப் பார்க்கத் திரைக்குக் கிட்டே குனிந்துவிட்டாள். பிறகு சுதாரித்துக்கொண்டாள். வாய் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பேசலாம்.

"போனைக் கீழ வைக்காம, நடுவுல நிறுத்தாம, அந்த ஜன்னல்லேர்ந்து கயிறு வரைக்கும் நடந்து போ. போய், கயிறு ஒரு முழுச் சுத்து சுத்தி வர்றதைக் காட்டு. உன் மூஞ்சி வேண்டாம், கயிறு மட்டும்."

"ஒரு சுத்துக்கு நாலு நிமிஷம் ஆகும்க்கா."

"ஆகட்டும்."

திரை குலுங்கியது, கதவு திறந்தது, வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசியது. செருப்பில்லை, ஏதோ கனமான காலணி பனியில் நறநறவென்று மிதிக்கும் சத்தம். பிறகு ஒரு பெரிய இரும்புச் சக்கரம், அதைச் சுற்றிப் போகும் கம்பிக் கயிறு. கயிற்றில் தொங்கிய பிடிகளைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டன், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு சிறுமிகள், சீருடை மாற்றாத ஒரு நர்ஸ் என்று ஒவ்வொருவராக மேலே போனார்கள். மூன்று நிமிடத்துக்குள் அந்தப் பாட்டன் சறுக்கிக்கொண்டு கீழே வந்து மறுபடி வரிசையில் நின்றார். செலின் கண் இமைக்காமல் பார்த்தாள். ஜெரால்ட் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தான்.

நாலாவது நிமிடம் கயிற்றில் ஒரு தடித்த இடம் வந்தது. ஒரு கம்பி முறிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்து! நிறுத்தச் சொல்லு!" வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையெல்லாம் பறந்துவிட்டது, ஜெரால்ட் போனைப் பிடுங்காத குறையாகக் கத்தினான். "மீசை முளைச்சிருக்கு பாரு! எவன் பின்னினான் இதை? இழையை மூணு செருகுதான் செருகியிருக்கான். பிள்ளைங்க கையுறை அதுல மாட்டிக்கிட்டா என்ன ஆகும்?"

அங்கே ஷிரின் ஜப்பானிய மொழியில் ஏதோ கூவினாள். சக்கரம் நின்றது. வயதான ஒருவர் ஓடிவந்து, போனைப் பார்த்து இடுப்பு வளைய வணங்கினார், பிறகு கயிற்றின்மேல் குனிந்தார்.

"பாத்தீங்களாக்கா?" என்றாள் ஷிரின் மூச்சு வாங்க. "போன வருஷமும் இப்படித்தான் அண்ணன் எழுதினார்."

"என்ன எழுதினார்?"

"நாங்க போட்ட வீடியோவுக்குக் கீழ பர்மிய எழுத்துல ஒருத்தர் எழுதியிருந்தார். 'சக்கரத்துக்குக் கிட்ட வர்ற பின்னல் விடப்போகுது, உடனே நிறுத்துங்க'ன்னு. இங்க எனக்கு மட்டுந்தான் அதைப் படிக்கத் தெரியும். நான் போய்ச் சொன்னேன், முதலாளி ஏறிப் பாத்தார், நிஜம்தான். சரி பண்ண கம்பெனி ஆள் வரப் பத்தொன்பது நாள் ஆச்சு. பெரிய மலைக்குன்னா உடனே வருவாங்க, சின்ன மலைக்குக் கடைசியாத்தான். அப்பவே முதலாளி சொல்லிட்டார், அந்த யாங்கோன்காரரையே கூப்பிடுன்னு."

செலின் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் கை காது மடலில் இருந்தது. "ஏஜெண்டா?" என்றாள்.

"நானா எழுதினேன்னு சொன்னா நீ என்ன கேட்டிருப்பே? அந்த வீடியோவை ஏன் பாத்தீங்கன்னு கேட்டிருப்பே."

"இப்பவும் கேக்குறேன். ஏன் பாத்தீங்க?"

"எதேச்சையா வந்துச்சு. அப்புறம் தினமும் பாத்தேன்." ஜெரால்ட் தரையைப் பார்த்தபடி சொன்னான். "நம்ம துறையிலேர்ந்து போற எதுவும் திரும்பி வர்றதில்ல செலின். அங்க போறவன் எல்லாம் நாலு நிமிஷத்துல வந்து நிக்கிறான். பாக்க நல்லா இருந்துச்சு."

செலின் அவன் கையைக் காதிலிருந்து இறக்கிவிட்டாள். ஆனாலும் முந்தானையில் முடிந்து வைத்தது இன்னும் மிச்சம் இருந்தது. அவ்வளவு சுலபத்தில் விடுகிறவளா?

"இந்தாம்மா ஷிரின். ஜப்பான் வடக்கேல்ல இருக்கு? அப்புறம் எதுக்கு இவரைத் தெக்க வரச் சொன்னே? நான் படிச்சேன். இறங்கியதும் நேராத் தவுங்னு எழுதியிருந்தே."

 அந்தப் பக்கம் ஷிரின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. "அக்கா! தவுங்னா மலைக்கா! நேரா மலைக்கு வந்துடுங்கன்னு எழுதினேன்!"

செலின் நெற்றியில் அடித்துக்கொண்டாள். தெற்குக்கும் அதே சொல், மலைக்கும் அதே சொல், அதே எழுத்து. முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். வீட்டில் தமிழில் மலை என்றே பேசிப் பேசி, தெருவில் பேருந்துப் பலகையையே பார்த்துப் பார்த்து, இருபத்திரண்டு வருடமாகப் பர்மிய எழுத்தில் வயிறு வளர்ப்பவளுக்கு அது ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. தெற்கே என்றுதான் தோன்றியது. தம்பி போன திசை அது.

வெட்கத்தை மறைக்க அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். "அதுக்குக் கீழ இன்னும் ஏதோ எழுதியிருந்தியே, அது என்ன?"

"அதுவா..." ஷிரினின் சிரிப்பு நின்றது. "அண்ணனைக் கேளுங்கக்கா."

"அவர் காதைத் தேய்ப்பார். நீ சொல்லு."

"'டிக்கெட் ஜன்னலில் அக்காவுக்கும் வேலை இருக்கிறது, இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்'னு எழுதினேன். முதல்லேர்ந்தே உங்க ரெண்டு பேரையும்தான் கூப்பிட்டோம். கல்யாணப் பத்திரம்கூட அதுக்குத்தான் கேட்டோம். நாலு தடவை கேட்டாச்சு. அண்ணன்தான் ஒரேயடியா வேணாம்னுட்டார்."

செலின் வெடுக்கென்று திரும்பினாள். சந்தேகம் மறுபடி தலைதூக்கிவிட்டது. "ஏன்? நான் வந்தா உங்களுக்கு என்ன?"

ஜெரால்ட் கதவின் பூட்டைப் பார்த்தான். காதைத் தேய்க்கவில்லை.

"நான் சொல்லிடுறேன் அண்ணே, கோவிச்சுக்காதீங்க" என்றாள் ஷிரின். "'மரியஜோசப் எந்த நேரத்துல வந்து கதவைத் திறந்தாலும் அவ அங்க இருக்கணும். நான் கேட்டா, அவ என்னையா தம்பியையான்னு முடிவு பண்ண வேண்டி வரும். அந்தக் கேள்வியை அவகிட்டக் கேக்கவே மாட்டேன்'னு சொன்னார்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. செலின் மூன்று வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லை. மாதாவிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. பஸ் தூரம் என்று சொன்னாள், பூட்டு நல்ல பூட்டு என்று சொன்னாள். இவன் எல்லாவற்றையும் படித்து வைத்திருக்கிறான், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

அவள் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள். ஜெரால்ட் என்ன செய்வது என்று தெரியாமல் அவள் முதுகில் கை வைத்தான். ஷிரின் போனை வைக்கலாமா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் மறுபடி மலைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் பாஸ்போர்ட் வீட்டுக்கு வந்தது. கூடவே கல்யாணப் பத்திரத்தின் புது மொழிபெயர்ப்பு ஒன்றும் வந்தது, செலின் தன் கையாலேயே அடித்தது. "புஷ்பா அடிச்சதைத் தூக்கிப் போடுங்க. டிக்கெட் ஜன்னல் அங்கேயே இருக்கட்டும். தம்பி வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். "தினமும் போன் பண்ணுங்க. ஆனா மூஞ்சியைக் காட்ட வேண்டாம். யாரு வேணும்னாலும் அடிச்சுச் சிரிக்க வைக்கலாம். கயித்தைக் காட்டுங்க. நீங்க பின்னின இடம் வரணும், அதுல சிவப்புச் சாயம் இருக்கணும். அப்போதான் நீங்க நல்லா இருக்கீங்கன்னு நம்புவேன்."

பிப்ரவரி எட்டாம் தேதி மத்தியானம் போன் வந்தது. ஜெரால்ட் சொன்ன பேச்சைக் கேட்பவன், முகத்தைக் காட்டவில்லை. "குளிர் உயிர் போகுது செலின்" என்று குரல் மட்டும் வந்தது. திரையில் கயிறு ஓடியது. நர்ஸ் போனாள், தபால்காரர் போனார், இரண்டு சிறுமிகளும் போனார்கள். எல்லாரும் திரும்பி வந்தார்கள். நாலாவது நிமிடம், சக்கரத்துக்குக் கிட்டே, பனிக்கு நடுவில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு வந்து போனது. எங்கே சேர்ந்தது என்றே தெரியாத பின்னல்.

"பாத்தியா? வைக்கட்டுமா?"

"இருங்க" என்றாள் செலின். "இன்னொரு சுத்து."

அவள் நாற்காலியை வீட்டுக் கதவுக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். போனை மடியில் வைத்துக்கொண்டு, கதவில் ஒரு கண்ணும் கயிற்றில் ஒரு கண்ணுமாக, சிவப்பு வருவதற்குக் காத்திருந்தாள்.